எதிர்வீட்டுச் சம்படம்

எனக்குத் தலையாட்டுகிற பழக்கம் உண்டு. யார் எதைக் கேட்டாலும் முதலில் தலை ஆடிவிடும். கேட்டது என்ன என்பது பிறகுதான் புத்தியில் ஏறும். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். டீச்சர் "புரிஞ்சுதா?" என்று கேட்டால் புரியாவிட்டாலும் ஆட்டுவேன். எழுந்து நின்று இல்லை என்று சொல்ல வாய் வராது. எழுபது வயது தாண்டியும் அது என்னை விட்டுப் போகவில்லை. போன கிறிஸ்துமஸுக்கு அந்தத் தலையாட்டலால் நடந்ததைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அதற்கு முந்தின வருஷம் எங்கள் வீட்டில் பார்சல் கிறிஸ்துமஸ். டிசம்பர் பிறந்ததிலிருந்து காலிங் பெல் அடித்துக்கொண்டே இருந்தது. அட்டைப் பெட்டிகள் என் கட்டில் உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. பேத்தி கேட்ட போன் ஒன்று, வந்த போன் வேறு ஒன்று. அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பண்டிகைச் சாப்பாட்டுக்கே வரவில்லை. ஆராதனை முடிந்து வந்ததும் மகன் சுவரில் டிவியை மாட்டுவதில் இருந்தான். மருமகள் பின்பக்கம் அட்டைப் பெட்டிகளை மிதித்து மடக்கிக்கொண்டிருந்தாள். பார்த்தால் அழுகிறாள்.

"அத்த, இன்னிக்கு யாரோட பொறந்தநாளுன்னே எனக்கு மறந்துபோச்சு" என்றாள்.

அதனால் இந்த முறை சபையில் போதகர் ஐயர், கிறிஸ்துமஸை எளிமையாகக் கொண்டாடுங்கள் என்று பிரசங்கம் செய்தபோது, மருமகள் அதை அப்படியே மடியில் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அன்று மத்தியானமே ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினாள். புதுத்துணி கிடையாது. கடையில் எதுவும் புதிதாக வாங்குவது கிடையாது. போன வருஷ ஸ்டாரையே ஒட்டுப் போட்டுக் கட்ட வேண்டும். பலகாரம் ஒரே ஒரு வகை. வீட்டில் உபயோகமில்லாமல் கிடப்பதையெல்லாம் உபயோகப்படுத்துகிறவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும்.

"கெழக்கேருந்து வந்த சாஸ்திரிங்க மட்டும் ஏசுவுக்குப் பொன்னு கொண்டுவந்து குடுத்தாங்க" என்றாள் பேத்தி.

"அவங்க ஒண்ணும் இ.எம்.ஐ.ல வாங்கலடி" என்றாள் மருமகள்.

மகன் சிரித்தான். நானும் சிரித்தேன். எனக்கு உள்ளூர சந்தோஷம்தான். என் சின்ன வயதில் கிறிஸ்துமஸ் என்றால் மூங்கில் குச்சியில் பட்டம் விடுகிற தாள் ஒட்டின ஸ்டார், அதற்குள்ளே ஒரு அகல் விளக்கு, காலை ஆராதனை, வெல்லம் போட்ட சாதம். அப்போது அது எளிமை என்று யாரும் சொல்லித் தரவில்லை. வேறு இல்லை, அவ்வளவுதான். வசதி இருந்தும் வேண்டாம் என்று ஒருத்தி சொல்வது பெரிய காரியமாகத்தான் எனக்குப் பட்டது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அவள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

இரண்டு நாள் கழித்து நான் தரையில் உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தேன். மருமகள் ஸ்டூல் போட்டு ஏறி லாஃப்டில் கையை விட்டாள்.

"அத்த, இந்த சாக்குல கெடக்கிற பாத்திரமெல்லாம் சும்மாதான கெடக்குது? குடுத்துடலாமா?"

என் தலை ஆடியது.

அவள் எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி, ஆட்டோவில் ஏற்றி, கீழ்பென்னாத்தூர் ரோட்டில் இருக்கிற ஒரு முதியோர் இல்லத்தில் கொடுத்துவிட்டு வந்தாள். வந்தவள் முகம் தெளிந்திருந்தது. நானும் ஸ்தோத்திரம் சொன்னேன்.

அந்தச் சாக்கில் எதிர்வீட்டுச் சம்படம் இருந்தது.

எதிர்வீட்டு அம்மாவுக்கும் எனக்கும் முப்பது வருஷப் பழக்கம். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். தீபாவளிக்கு அதிரசமும் முறுக்கும் ஒரு எவர்சில்வர் சம்படத்தில் போட்டு, மூடியை அழுத்தி எடுத்து வருவாள். வாங்கின பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் நடுவில் எங்கள் வீட்டில் பலகாரம் செய்ய வேறு நாள் ஏது? ஆகவே அந்தச் சம்படம் எங்கள் வீட்டிலேயே இருந்து, கிறிஸ்துமஸ் அன்று அச்சு முறுக்கோடு எதிர்வீடு போய்ச் சேரும். வருஷா வருஷம் இதுதான் நடப்பு. நசுங்கிவிடக் கூடாது என்று நான்தான் அதைப் பழைய புடவையில் சுற்றி அந்தச் சாக்கில் பத்திரப்படுத்துவேன். பத்திரப்படுத்தினதை மறந்தவளும் நான்தான்.

அந்தச் சம்படத்தின் வயிற்றில் புள்ளி புள்ளியாக ஒரு பேர் வெட்டியிருக்கும். அவளுடைய அம்மாவின் பேர். வேர்க்கடலை பொறுக்கிச் சேர்த்த கூலியில், மகள் கல்யாணச் சீருக்கென்று அந்த அம்மா வாங்கினது. மறுவருஷமே அவர் போய்விட்டார். ஒரு போட்டோகூட எடுக்கவில்லையாம். "எங்கம்மான்னு காட்டறதுக்கு எனக்கு இது ஒண்ணுதான்க்கா கீது" என்று அவள் ஒருமுறை அந்தப் பேரைப் புடவை முந்தியால் துடைத்தபடி சொன்னாள். அதையா ஒவ்வொரு வருஷமும் கொடுத்துவிட்டுப் போகிறாய் என்று நான் கேட்கவில்லை. கொடுத்துவிட்டுப் போகிறாள், அவ்வளவுதான்.

மார்கழி பிறந்து ஓரிரு நாள் இருக்கும். காலையில் பால் வாங்க வெளியே வந்தேன். அவள் வாசலில் குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிராமலே பேசினாள்.

"இன்னாக்கா, எஞ் சம்படம் சௌக்கியமா? உங்க வூட்டுல வச்சிகிட்டு அதுக்கு ஞானஸ்நானம் குடுத்துடாதீங்க."

இதுவும் வருஷா வருஷம் சொல்வதுதான். வழக்கமாக நான், "பேரு வைக்கிறதுதான் பாக்கி" என்பேன். அன்று வாய் திறக்கும்போதே எனக்கு லாஃப்ட் ஞாபகம் வந்துவிட்டது. சாக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"இந்த வருஷம் அச்சு முறுக்கு கொஞ்சம் ஜாஸ்தியா வைங்கக்கா. எம் பொண்ணு லீவுக்கு வரா. ஆயா டப்பால வந்தாத்தான் ருசின்றா."

நான் தலையாட்டினேன்.

யாரிடம் சொல்வது? மருமகளிடம் சொன்னால் அவள் செய்த நல்ல காரியத்தின்மேல் சேற்றை அள்ளிப் போட்டது மாதிரி ஆகும். அவள் கேட்டுவிட்டுத்தானே எடுத்தாள்? இரண்டு நாள் சொல்லாமலே தள்ளினேன். மூன்றாம் நாள் மகன் தனியாக ஷூ துடைத்துக்கொண்டிருக்கும்போது சொன்னேன். அவளிடம் சொல்லாதே என்றும் கேட்டுக்கொண்டேன்.

"ஒரு டப்பாதானம்மா. அதே சைஸுல புதுசு வாங்கிக் குடுத்துடலாம். பாத்திரக் கடையிலயே பேரு வெட்டித் தருவாங்க. அதே பேர வெட்டிட்டா ஆச்சு."

"அது அவங்கம்மா வாங்கினதுடா."

"அவங்களுக்குத் தெரியவா போவுது?"

சாயங்காலமே வாங்கி வந்துவிட்டான். நல்லவேளை, பேர் வெட்டவில்லை. கடையில் மிஷின் ரிப்பேராம். பழையதைவிடக் கனமாக, கண்ணைக் கூசும்படி இருந்தது. அதைக் கவரோடு என் கட்டிலுக்கடியில் தள்ளினேன். பெருக்க வந்த மருமகள் துடைப்பத்தோடு வெளியே இழுத்துவிட்டாள்.

"இது ஏது? புதுசா எதுவும் வாங்கக்கூடாதுன்னுதான எழுதி ஒட்டிருக்குது?"

"அம்மா கேட்டாங்க" என்று சொல்லிவிட்டு மகன் பாத்ரூமுக்குப் போய்விட்டான்.

பிறகு எல்லாம் வெளியே வந்தது. மருமகள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்தாள். கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாயிருந்திருக்கும்.

"அதுல பேரு இருந்துச்சு அத்த. நானே தேய்ச்சேன். உங்க சொந்தக்காரங்க யாரோன்னு நெனச்சிட்டேன். ஏன் அத்த அப்பவே சொல்லல?"

கீரை உருவிக்கொண்டிருந்தேன் என்று சொல்வதா?

போன் போட்டுக் கேட்கிறேன் என்றாள். கர்த்தர் பேரால் கொடுத்ததைத் திருப்பிக் கொடுங்கள் என்று அவள் வாயால் கேட்க வைப்பதா? வேண்டாம் என்றேன். நானே போய் இந்தப் புதியதைக் கொடுத்துவிட்டு அதை மாற்றி வாங்கி வருகிறேன் என்றும் சொன்னேன். அப்படிச் சொன்னது நான்தானா என்று எனக்கே ஆச்சரியம். மருமகள் துணைக்கு வருகிறேன் என்றாள். அவள் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தில் லீவு கிடைக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளுக்கு முந்தின நாள் கிளம்பினேன். பௌர்ணமியும் அப்போதே வந்து சேர்ந்திருந்தது. கிரிவலக் கூட்டத்துக்காகப் பஸ்களை எல்லாம் ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். வருகிற ஜனத்துக்கு எதிர்ப்பக்கமாக, சம்படத்தைக் கவரோடு இடுப்பில் அணைத்துக்கொண்டு நடந்தேன். "பாட்டி, கிரிவலம் அந்தப் பக்கம்" என்று இரண்டு பேர் என்னைத் திருப்பி விடப் பார்த்தார்கள். அவர்களுக்கும் தலையாட்டிவிட்டுத்தான் போனேன்.

இல்லத்தில் ஆபீஸ் அறையில் ஒரு பெண் இருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். பாதிதான் சொல்ல வந்தது, அதற்குள் அவளே புரிந்துகொண்டாள்.

"பேரு வெட்டின டப்பாவா? அத ஒரு ஆயா வச்சிருக்காங்க. போய்க் கேட்டுப் பாருங்கம்மா. குடுத்தா எடுத்துக்குங்க."

நீளமான அறை. இரண்டு பக்கமும் கட்டில்கள். கடைசிக் கட்டிலில் அந்தம்மா உட்கார்ந்திருந்தார். என்னைவிடப் பெரியவர். தலைமாட்டில் சம்படம். என்னைக் கண்டதும், சபையிலிருந்து பார்க்க வந்தவள் என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். எடுத்த எடுப்பில் சம்படத்தைத்தான் காட்டினார்.

"இங்க எல்லாத்துக்கும் தட்டு, டம்ளரு பொதுவுல. மூடி போட்டு எனக்குன்னு வச்சிக்க இது ஒண்ணுதான் வந்திச்சி."

திறந்து காட்டப் போனார். அதன் மூடி இறுக்கம். தொடையில் இடுக்கிக்கொண்டு நகத்தால் நெம்பி, மூச்சு வாங்க ஒருவழியாகத் திறந்தார். உள்ளே மாத்திரை அட்டைகள், ஒரு சீப்பு, நாலாக மடித்த ஒரு ரேஷன் கார்டு ஜெராக்ஸ், இரண்டு ரஸ்க். அந்த மூடியை அப்படித் திறக்கக் கூடாது. விரல் முட்டியால் ஒரு பக்கம் தட்டினால் மறுபக்கம் தானாகவே எழும்பும். முப்பது வருஷமாகத் திறக்கிறவள், எனக்குத் தெரியும். அதைக்கூட வாய் திறந்து சொல்லவில்லை.

நான் கவரைப் பிரித்துப் புதியதை எடுத்து வைத்தேன். "இது புதுசும்மா. நீங்க இத வச்சிக்கிட்டு..." என்று ஆரம்பித்தேன்.

"எனக்கு எதுக்கு புதுசு? இதுல எம்பேரு கீது பாரு" என்றார். புள்ளி எழுத்துகளின்மேல் விரலை ஓட்டினார். "ஆபீஸு பொண்ணுதான் சொல்லிச்சி. ஆயா, இதுல உம் பேரத்தான் வெட்டிகீது, யாரும் எடுக்க மாட்டாங்கன்னு. எனக்குப் படிக்கத் தெரியாது. நீ படிச்சவளாட்டம் கீற. படிச்சிச் சொல்லு, கேப்போம்."

நான் சம்படத்தைக் கையில் வாங்கினேன். எதிர்வீட்டு அம்மாவின் அம்மா பேர். மூன்று எழுத்து. ஐந்தாம் வகுப்புப் படிப்பு அந்த மூன்று எழுத்துக்குத் தாராளமாகப் போதும். கையிலேயே இருந்தது. எழுந்து, இது வேறொருத்தர் பேர், தவறிப் போய் இங்கே வந்துவிட்டது, இதோ உங்களுக்குப் புதியது என்று சொல்லிவிட்டு நடந்திருந்தால் மத்தியானத்துக்குள் வீடு வந்து சேர்ந்திருக்கலாம்.

அவர் தம் பேரைச் சொன்னார். "அதுதான?" என்றார்.

என் தலை ஆடியது.

புதியதைப் பக்கத்துக் கட்டில் அம்மா வாங்கிக்கொண்டார். எனக்காகக் கண் மூடி ஜெபம் பண்ணினார். எதற்கு ஜெபம் என்று கேட்டுக்கொள்ளவில்லை. நல்லபடியாகப் போக வேண்டும் என்று பண்ணியிருப்பார். ஊருக்கு வெளியே இறங்கித் திரும்பவும் அந்தக் கூட்டத்துக்குள் நடந்து வந்தேன். இப்போது எல்லோரும் போகிற பக்கமே நானும் போனதால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

கிறிஸ்துமஸ் நன்றாகத்தான் இருந்தது. அதையும் சொல்ல வேண்டும். ஒட்டுப் போட்ட ஸ்டார் ஒரு கால் ஊனமாகத் தொங்கியது. எல்லோரும் துவைத்த துணியில் விடியற்காலை ஆராதனைக்குப் போய் வந்தோம். பேத்தி, யாரும் சொல்லாமலே, என்னோடு அடுப்படியில் உட்கார்ந்து அச்சு முறுக்கு சுட்டாள். மாவு முழுக்க அவள் முடியில். மத்தியானம் நாலு பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மகன் இரண்டாம் முறை குழம்பு கேட்டு வாங்கினான். மருமகள் என்னைப் பார்த்துப் பார்த்து அதிகம் பரிமாறினாள். இப்படி ஒரு நாளுக்குத்தான் அவள் ஆசைப்பட்டாள், கிடைத்தது. என் மனம்தான் எதிர்வீட்டு வாசலிலேயே கிடந்தது.

என்னிடம் என் பேர் வெட்டின பாத்திரம் ஒன்று உண்டு. என் அம்மா கொடுத்த சின்னத் தூக்கு. ராத்திரித் தண்ணீர் வைத்துக்கொள்வேன், அதனால் அது சாக்குக்குள் போகாமல் தப்பித்தது. அதில் அச்சு முறுக்கை அடுக்கி எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டினேன். மருமகள் நானும் வருகிறேன் என்றாள். வேண்டாம் என்று சொன்னேன். அந்த மாதம் நான் சொன்ன இரண்டாவது வேண்டாம் அது.

எதிர்வீட்டு அம்மா வாசற்படியில் நின்றிருந்தாள். தூக்கைப் பார்த்தாள். என் பின்னால் யாராவது சம்படத்தோடு வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தாள்.

"எங்கக்கா எஞ் சம்படம்? நெஜமாவே சபையில சேத்துட்டீங்களா?"

சொன்னேன். கீரை உருவினதிலிருந்து பக்கத்துக் கட்டில் அம்மா வரைக்கும் சொன்னேன். என் ஆயுசில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. பேரைப் படித்துச் சொன்ன இடத்தை விட்டுவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அதுவும் வந்துவிட்டது.

அவள் சிரிப்பு எப்போது நின்றது என்று நான் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துத்தானே பேசினேன்.

"எங்கம்மா பேர, வேற ஒருத்தி பேருன்னு சொல்லிட்டு வந்தியா?" என்றாள். முப்பது வருஷத்தில் என்னை அவள் ஒருமையில் பேசினது அது ஒருமுறைதான். சத்தம் போடவில்லை. சத்தமே இல்லை.

மகள் உள்ளேயிருந்து வந்து, "விடும்மா, வயசானவங்க" என்று சொல்லித் தூக்கை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். எதிர்வீட்டு அம்மா உள்ளே போனாள். உட்காரச் சொல்ல யாரும் இல்லை. தெருவைத் தாண்டி வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் பால் வாங்கப் போகவே பயமாயிருந்தது. அவள் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். நான் கதவை மெதுவாகச் சாத்தும்போது, நிமிராமலே கேட்டாள்.

"அது மூடி டைட்டா இருக்குமே. தட்டித் தொறக்கணும்னு அந்தம்மாவுக்குச் சொன்னீங்களா?"

"இல்லமா."

அவள் ஒரு புள்ளி வைத்தாள். பிறகு இன்னொரு புள்ளி.

பொங்கலுக்கு அவர்கள் வீட்டுச் சர்க்கரைப் பொங்கல் வந்தது. மகள்தான் கொண்டுவந்தாள், பேப்பர் கப்பில், மேலே வெள்ளித்தாள் ஒட்டி. தின்றுவிட்டுத் தூக்கிப் போடுகிற கப். திருப்பிக் கொடுக்கத் தேவையில்லாதது. மருமகள் அதைக் கழுவி ஜன்னலில் கவிழ்த்து வைத்தாள். ஏன் வைத்தாள் என்று நான் கேட்கவில்லை, எடுத்துப் போடவும் இல்லை.

என் தூக்கு திரும்பி வரவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கிற மூஞ்சி எனக்கு ஏது? கிறிஸ்துமஸ் முடிந்ததிலிருந்து தினம் விடியற்காலையில் அதைப் பார்க்கிறேன். அவள் அதில்தான் கோலமாவு போட்டு வைத்திருக்கிறாள். கைப்பிடியைப் பிடித்துத் தூக்கி வந்து வாசலில் வைக்கிறாள். மாவை அள்ளி அள்ளிப் புள்ளி வைக்கிறாள். கோபத்தில் அப்படிச் செய்கிறாளா, என் பேர் அவள் வாசலில் இருக்கட்டும் என்று வைத்திருக்கிறாளா, தெரியவில்லை. இவ்வளவு தூரத்திலிருந்து எழுத்து எனக்குத் தெரியாது. எந்தப் பக்கம் வெட்டியிருக்கிறது என்பது மட்டும் தெரியும். சில நாள் அந்தப் பக்கம் எங்கள் வீட்டைப் பார்த்து இருக்கிறது. சில நாள் அவள் வீட்டைப் பார்த்து இருக்கிறது.